முகம் பெரிது, கட்டணம் காணோம்

தேவாரத்தில் இளம் மருத்துவர் ஒருவர் புதிதாகக் கிளினிக் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி அவர் வாசலில் மாட்டக்கூடிய பலகையில் என்னென்ன இருக்கலாம்? பெயர், பல்கலைக்கழகம் தந்த பட்டம், சிறப்புத் துறை இருந்தால் அது, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்த எண். அவ்வளவுதான். பலகை வழக்கத்துக்கு மீறிப் பெரிதாக இருக்கக் கூடாது. மருத்துவரின் புகைப்படம் கூடாது. மனித உடலின் படமோ வரைபடமோ இருந்தால் குற்றமில்லை. மருந்துக்கடை முகப்பிலோ, தான் குடியிருக்காத, வேலை பார்க்காத இடத்திலோ அவர் பெயர்ப் பலகை தொங்கக் கூடாது. கட்டணம் எவ்வளவு என்பதை மட்டும் எழுதி வைத்தே ஆகவேண்டும். 2002இல் இந்திய மருத்துவக் கவுன்சில் வெளியிட்ட நடத்தை விதிகள் சொல்வது இது. இப்போது தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், போடி என்று எந்த ஊர்க் கடைவீதியில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். பெரும்பாலும் ஃபிளெக்ஸில் முகம் பெரிதாகச் சிரிக்கிறது. கட்டணத்தைக் காணோம், பதிவு எண்ணையும் தேடத்தான் வேண்டியிருக்கிறது. கட்டாயம் என்று விதி சொன்னது இல்லை. கூடாது என்று சொன்னது தாராளமாக இருக்கிறது.

‘மருத்துவர் விளம்பரம் செய்யக் கூடாது’ என்று இந்த விதிகளைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அப்படிச் சுருக்கும்போது பாதி விதி காணாமல் போய்விடுகிறது. நோயாளியை வலை வீசிப் பிடிக்காதே என்பது ஒரு பாதி. நோயாளி முடிவெடுக்கத் தேவையான விவரத்தை மறைக்காதே என்பது மறுபாதி. நம் ஊரில் மருத்துவ விளம்பரம் பற்றி எழும் பேச்செல்லாம் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. ‘தடை வேண்டும்’ என்று ஒரு தரப்பும், ‘காலம் மாறிவிட்டது, தடையை எடு’ என்று மறுதரப்பும் மல்லுக்கு நிற்கின்றன. இரண்டுமே விஷயத்தின் மையத்தைத் தொடவில்லை. தடை தேவைதான்; ஆனால் வாக்குறுதியைத் தடுத்தால் மட்டும் போதாது, விவரத்தை வெளியே எடுத்து வைக்கவும் வேண்டும். விவரம் கிடைக்காத இடத்தில்தான் வாக்குறுதி விலை போகிறது.

மற்றத் தொழில்கள் பலவற்றுக்கு இல்லாத இந்தக் கட்டுப்பாடு மருத்துவத்துக்கு ஏன் என்ற கேள்விக்குப் போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலமே விடை தரும். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் வியாபாரி கைக்கு வந்துவிடுகிறது. காயை உருட்டிப் பருமன் பார்க்கலாம், நிறம் பார்க்கலாம், உரித்து விதையை முகர்ந்து பார்க்கலாம். அதற்குப் பிறகுதான் விலை கேட்க வேண்டும். அங்கே விற்பவர் எவ்வளவு புகழ்ந்தாலும் காய் பொய் சொல்லாது. மருத்துவத்தில் மாதிரி என்று எதுவும் இல்லை. வயிற்றைத் திறந்த பிறகுதான் அறுவை சிகிச்சை தெரியும். அதையும் நோயாளியால் மதிப்பிட முடியாது. குணமானால் அது மருந்தாலா, உடல் தானே தேறியதாலா என்று சொல்ல முடியாது. குணமாகாவிட்டால் அது மருத்துவரின் தவறா, நோயின் போக்கா என்றும் சொல்ல முடியாது. வாங்குபவர் சரக்கைச் சோதிக்க வழியே இல்லாத சந்தையில் விற்பவரின் சொல் ஒன்றுதான் சாட்சி. வலியிலும் பயத்திலும் இருப்பவரிடம் அந்தச் சொல் போய்ச் சேர்கிறது என்பதால் அதற்கு ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள்.

இந்த வரம்பு நேற்று வந்ததல்ல. சென்னை மாகாணத்தில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1914இலேயே வந்துவிட்டது. பதிவேட்டில் பெயர் இருப்பது ஒரு சலுகை. அதற்கு ஈடாக மருத்துவர் கட்டுப்பட வேண்டிய ஒழுங்கும் உண்டு என்பதே அதன் அடிப்படை. 2002 விதிகளில் அந்த ஒழுங்கு விரிவாக இருக்கிறது. தொழில் தொடங்கும்போதும், முகவரி மாறும்போதும், சில நாள் ஊரில் இல்லாதபோதும், மீண்டும் வந்து தொழில் தொடரும்போதும், கட்டணத்தை அறிவிக்கவும் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கலாம். பொதுச் சுகாதாரம் பற்றித் தன் பெயரிலேயே எழுதலாம். தனக்கு ஆள் சேர்க்கும் நோக்கில் எழுதக் கூடாது. நர்ஸிங் ஹோம் நடத்துபவர் அதன் பெயர், எந்த வகை நோயாளிகளைச் சேர்ப்பார்கள், என்ன வசதி, என்ன கட்டணம் என்று விளம்பரம் தரலாம். அதற்கு மேல் ஒரு வரியும் கூடாது. ஒரு துறையில் சிறப்புப் படிப்புப் படிக்காதவர் தன்னை அந்தத் துறையின் ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. படித்துப் பார்த்தால் இது வாய்ப்பூட்டு அல்ல என்பது தெரியும். சரிபார்க்கக்கூடிய விவரம் அத்தனைக்கும் இடம் கொடுத்துவிட்டு, சரிபார்க்க முடியாத பெருமையை மட்டும் வெளியே நிறுத்துகிறது.

மருத்துவர்களுக்கான இந்த விதிக்கு இணையாக எல்லாருக்கும் பொதுவான சட்டம் ஒன்றும் உண்டு. மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் அது. சர்க்கரை நோய், புற்றுநோய், கண்புரை, வெண்குஷ்டம், பக்கவாதம், சிறுநீரகக் கல், பெண்களின் மலட்டுத்தன்மை உள்ளிட்ட 54 நோய்களின் பட்டியல் அதில் இருக்கிறது. இவற்றைக் குணப்படுத்தும் மருந்து என்று யாரும் விளம்பரம் செய்யக் கூடாது. பேருந்து நிலையச் சுவர்களில் தமிழ்நாடே பார்த்துப் பழகிய ‘மூலம், பவுத்திரம் ஆபரேஷன் இல்லாமல்’ என்ற வாசகத்தை இந்தச் சட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மூலம் அந்த 54இல் இல்லை. ஆனால் மருந்து, ஒப்பனைப் பொருள் விதிகளின் ஜே அட்டவணையில், குணப்படுத்துவதாக மருந்துகள் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் வரிசையில், மூலமும் பவுத்திரமும் சேர்ந்தே வருகின்றன. 1954 சட்டத்தின் 4ஆவது பிரிவோ, நோய் எதுவானாலும் மருந்தைப் பற்றிப் பொய்யான உரிமை கொண்டாடுவதே குற்றம் என்கிறது. அதே சட்டம், பதிவுபெற்ற மருத்துவர் தன் இடத்தில் ‘இன்ன நோய்க்கு இங்கே சிகிச்சை உண்டு’ என்று பலகை வைப்பதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. ‘சிகிச்சை உண்டு’ என்பது விவரம்; ‘கத்தியில்லாமல் நிச்சயம் குணம்’ என்பது வாக்குறுதி. சட்டம் கோடு கிழித்திருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்.

வாக்குறுதியால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்பவர்கள் அந்த மூல வியாதி விளம்பரத்தையே இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மலத்தோடு ரத்தம் போகிறது என்றால் பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும். ஆனால் பெருங்குடலிலோ மலக்குடலிலோ வரும் புற்றுநோயும் இதே அடையாளத்தோடுதான் தொடங்கும். எது என்று பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும். சுவரில் எழுதியிருப்பது பரிசோதனைக்கு முன்பே நோயின் பெயரையும் சொல்லிவிடுகிறது, முடிவையும் சொல்லிவிடுகிறது. ரத்தப்போக்கு விட்டு விட்டு வரும் தன்மை உடையது என்பதால் பொடி சாப்பிட்ட ஒரு மாதம் நின்றும் போகலாம். நின்றதை மருந்தின் வெற்றியாக எடுத்துக்கொண்டவர் மீண்டும் மருத்துவரிடம் வரும்போது நோய் முற்றியிருக்கலாம். மஞ்சள் காமாலையும் இப்படித்தான். அசுத்த நீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ வகை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சில வாரங்களில் யார் எதைக் கொடுத்தாலும் புகழ் அவருக்கே. பித்தநாளம் கல்லாலோ கட்டியாலோ அடைத்து வந்த காமாலைக்காரருக்கு அதே வாரங்கள் கைநழுவிப் போகும் காலம். ‘எனக்குக் குணமாயிற்று’ என்று வீடியோவில் பேசுபவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். குணமாகாதவரை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இதன் விலை இன்னும் கூடுதல். இந்த ஊர்களிலிருந்து கூலித் தொழிலாளர்கள் விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் கேரளத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தரையை ஒட்டிய சரத்தில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் பறிக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் வலிக்காமல் இருக்குமா? மருந்து தெளித்த தோட்டத்தில் வேலை செய்பவருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் தேனியைத் தாண்டிக் க.விலக்கு போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, துணைக்கு வருபவரின் கூலியும் போகும். இப்படிப்பட்டவர் உள்ளூரிலேயே ‘ஒரே ஊசியில் மூட்டு வலி தீரும்’ என்ற நோட்டீஸைக் கண்டு நிற்பது அறியாமையால் அல்ல. செலவைக் கணக்குப் போட்டுத்தான் நிற்கிறார். அந்தக் கணக்குக்குத் தேவையான எண்கள் அவரிடம் இல்லை: இவர் என்ன படித்தவர், எவ்வளவு கேட்பார், எத்தனை முறை வரச் சொல்வார். எந்தப் பலகையிலும் இல்லாத அந்த எண்களின் இடத்தில்தான் ‘ஒரே ஊசி’ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு எதிராக நியாயமான ஆட்சேபங்கள் உண்டு. முதலாவது, விளம்பரத்தை அடக்கினால் ஏற்கெனவே பெயர் எடுத்தவருக்குத்தான் லாபம், புதியவர் எப்படி அறிமுகமாவார் என்பது. பிரிட்டனில் ஏகபோகங்களை ஆராயும் ஆணையம் 1989இல் இதே கேள்வியை எழுப்பியது. அடுத்த ஆண்டு அங்குள்ள மருத்துவக் கவுன்சில் தடையைத் தளர்த்தியது. அமெரிக்காவில் மருத்துவச் சங்கம் விதித்த விளம்பரத் தடை போட்டியைக் குலைக்கிறது என்று கூட்டாட்சி வணிக ஆணையம் 1979இல் உத்தரவிட்டது. ஆனால் தடையைத் தளர்த்திய நாடுகளிலும் பொய்யும் மிகைப்படுத்தலும் தண்டனைக்குரியவைதான். பேச அனுமதித்தார்கள், எதையும் பேசலாம் என்று விட்டுவிடவில்லை. நம் விதியோ புதியவருக்கு அறிமுக அறிவிப்பையும் கட்டண அறிவிப்பையும் ஏற்கெனவே அனுமதித்திருக்கிறது. போட்டிக்கு மிக வேண்டியது கட்டணம்தான். அதை எழுதி வைக்காமல் முகத்தைப் பெரிதாக்கிவிட்டுப் போட்டியைப் பற்றிப் பேசுவது பொருந்தவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. அறிவிப்பே இல்லாமல் ஏழைகளுக்கு மருத்துவம் போய்ச் சேராது என்பது அது. இதற்கு நம் பகுதியிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985இல் தேனிக்கும் வந்தது. ஊர் ஊராக இலவச முகாம் நடத்தி, நோட்டீஸ் கொடுத்து, ஒலிபெருக்கியில் சொல்லித்தான் கண்புரையால் பார்வை மங்கியவர்களை அறுவை அரங்குக்கு அழைத்துவந்தார்கள். அந்தக் குரல் கேட்காமல் போயிருந்தால் பல கிழவர்களும் கிழவிகளும் ‘வயசானா இப்படித்தான்’ என்று திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே அறிவிப்பு பாவமல்ல. ஆனால் முகாம் நோட்டீஸ் என்ன சொல்கிறது என்று பாருங்கள்: எந்தத் தேதி, எந்தப் பள்ளிக்கூடம், என்ன பரிசோதனை, செலவு யாருடையது. எல்லாம் சரிபார்க்கக்கூடிய செய்தி. கண்புரை 1954 சட்டத்தின் பட்டியலில் உள்ள நோய்தான். ‘ஆபரேஷன் இல்லாமல் புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து’ என்று விளம்பரம் செய்தால் அது குற்றம். கண்புரை அறுவை முகாம் என்று அறிவித்தால் குற்றமில்லை. ஒரே நோய், ஒரே ஊர், ஒரே ஒலிபெருக்கி என்றாலும் சொல்லப்படுவது எது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

மூன்றாவதாக, இந்த விதிகள் நேர்மையானவரின் கையைத்தான் கட்டுகின்றன, மற்றவர் சுதந்திரமாகத் திரிகிறார் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2002 விதியின் வாசகம் நிறுவனங்களையும் சேர்த்தே பேசுகிறது. ஆனால் கவுன்சிலின் பதிவேட்டில் இருப்பவை மருத்துவர்களின் பெயர்கள்தாம். மேக்ஸ் மருத்துவமனை தொடுத்த வழக்கில் 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம், மருத்துவமனைகள் மீது மருத்துவக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று தெளிவாக்கிவிட்டது. தேவாரத்தில் தனியாகக் கிளினிக் நடத்துபவர் படம் போட்டால் விதிமீறல். பெருநகரத்துக் கார்ப்பரேட் மருத்துவமனை நெடுஞ்சாலைப் பலகையில் நான்கு மருத்துவர்களை வரிசையாக நிறுத்தினால் கவுன்சில் அந்த நிறுவனத்தைத் தொட முடியாது. இதற்கு மருந்து சிறியவரையும் அவிழ்த்துவிடுவதல்ல, பெரியவரையும் கட்டுவதே. அதற்கான கயிறு இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த மத்திய ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். நிறுவனமா தனி ஆளா என்ற பேதம் அங்கே இல்லை.

இது அலோபதிக்காரர்கள் சித்த, ஆயுர்வேத மருத்துவத்தின் மேல் காட்டும் பொறாமை என்ற பேச்சும் உண்டு. பதிவுபெற்ற இந்திய மருத்துவ முறை மருத்துவர்களுக்கும் 1982இலேயே நடத்தை விதிகள் வந்துவிட்டன. சித்த மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு படித்துப் பதிவு எண்ணோடு உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு, மாதம் ஒரு தேதியில் லாட்ஜில் அறை போட்டு ‘பரம்பரை வைத்தியம்’ பார்த்துவிட்டுப் போகிறவரால்தான் முதல் நஷ்டம். பேச்சுரிமை என்ற வாதத்தையும் நீதிமன்றம் எப்போதோ கேட்டுவிட்டது. ஹம்தர்த் தவாகானா தொடுத்த வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் 1954 சட்டத்தின் சில பகுதிகளை மட்டும் நீக்கி, அதன் அடிப்படையை ஏற்றது. 1995இல் டாடா பிரஸ் வழக்கில் வணிக விளம்பரமும் பேச்சுரிமையில் அடங்கும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஏமாற்று விளம்பரத்தை அரசு தடுக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னது. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் பதஞ்சலி நிறுவனம் 2024 ஏப்ரலில் நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட நேர்ந்தது. அதே விசாரணையில் நீதிபதிகள் சங்கத்தைப் பார்த்து, உங்கள் வீட்டையும் ஒழுங்குபடுத்துங்கள் என்று சொன்னார்கள். அந்தச் சொல் எந்த முறை மருத்துவருக்கும் பொருந்தும்.

யூடியூபும் இன்ஸ்டாகிராமும் வந்த பிறகு பழைய விதிகள் செல்லாக்காசு என்பது கடைசி ஆட்சேபம். 1954 சட்டம் விளம்பரத்துக்குத் தரும் விளக்கத்தில் நோட்டீஸ், லேபிள், வாய்மொழி அறிவிப்பு ஆகியவற்றோடு ஒளியாலும் ஒலியாலும் புகையாலும் செய்யப்படும் அறிவிப்பும் அடங்கும். கைப்பேசித் திரை ஒளியும் ஒலியும்தானே? சட்டத்தின் வாசகத்துக்கு வயதாகவில்லை. அதன் தண்டனைக்குத்தான் வயதாகிவிட்டது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் என்பதற்கு இன்று யார் பயப்படுவார்கள்? அதைக் கடுமையாக்க மத்திய அரசு 2020இல் வரைவு ஒன்று வெளியிட்டது, அது சட்டமாகவில்லை. மருத்துவர்களுக்காகத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2இல் வெளியிட்ட புதிய விதிகளில் சமூக ஊடகத்துக்குத் தனி வழிகாட்டுதலே இருந்தது: காசு கொடுத்து லைக்கும் ஃபாலோயரும் வாங்கக் கூடாது, தேடலில் முதலில் வரப் பணம் கட்டக் கூடாது, நோயாளியின் சான்றுரையையும் படத்தையும் போடக் கூடாது. ஜெனரிக் மருந்து எழுதுவது உள்ளிட்ட வேறு பிரிவுகளுக்கு எழுந்த எதிர்ப்பில் மூன்றே வாரத்தில் மொத்த விதிகளும் நிறுத்திவைக்கப்பட்டு, 2002 விதிகள் திரும்பின. சச்சரவில்லாத நல்ல பகுதியும் அதோடு போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் 2010இல் தொடங்கிய தேசியப் பதிவு முறையில் மருத்துவர், பல் மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட் எல்லாருக்கும் ஒரே விளம்பர விதி. பொய் கூடாது, நிபந்தனை சொல்லாத தள்ளுபடி கூடாது, நோயாளியின் சான்றுரை கூடாது, நியாயமற்ற எதிர்பார்ப்பை ஊட்டக் கூடாது, தேவையில்லாத சிகிச்சைக்குத் தூண்டக் கூடாது. எந்த ஊடகம் என்பதை அது பொருட்படுத்துவதே இல்லை. நிறுத்திவைத்த விதிகளிலிருந்து சமூக ஊடகப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து நடைமுறைப்படுத்த இங்கேயும் தடையொன்றும் இல்லை.

செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டமே வேண்டாம். கட்டணமும் பதிவு எண்ணும் பலகையில் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு பார்வை போதும். நிபுணர் குழு எதற்கு? மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் பதிவுச் சான்று தரும் மாவட்ட அதிகாரிகள், சான்றைப் புதுப்பிக்கும்போது இந்த இரண்டையும் நிபந்தனையாக வைக்கலாம். பதிவு எண்ணைக் கொண்டு மருத்துவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதி கவுன்சிலின் இணையதளத்தில் இருக்கிறது. கைப்பேசி உள்ள எவரும் பார்க்கலாம். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அந்த எண் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். இல்லையென்றால் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. விதிமீறல் பற்றி மாநிலக் கவுன்சிலுக்குப் புகார் எழுதினால் ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று அதே 2002 விதிகள் காலக்கெடு வைத்திருக்கின்றன. பொய் மருந்து விளம்பரத்துக்கு எதிராகக் காவல் நிலையத்திலோ மருந்து ஆய்வாளரிடமோ புகார் கொடுக்கலாம். தன் பெருமையைப் பேசாத மருத்துவரை நாம் மதிக்கிறோம், நல்லது. தன் கட்டணத்தையும் பதிவு எண்ணையும் சொல்லாத மருத்துவரிடம் அவற்றைக் கேட்பதும் மரியாதைக் குறைவல்ல. அவர் சொல்லியே ஆகவேண்டியதைத்தான் கேட்கிறோம்.